ஒரே ஒரு கறுப்பு உருண்டை

ஜனவரி 12, வியாழன்

சங்க மண்டபத்தில் மேடைக்கு மேலே மூன்றாவது இடத்திலும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. வாளி போதாமல் ஹலுஸ்கிக் கொழுக்கட்டை வேகவைக்கிற அண்டாவை வைத்துவிட்டு வந்தேன். மே கடைசிக்குள் கூரையைச் சரிசெய்யாவிட்டால் நகராட்சிக்காரர்கள் மண்டபத்தையே இடித்துவிடுவார்களாம். சங்கத்தில் மிச்சமிருக்கிற எட்டுக் கிழங்கள் எங்கே போய்க் கூரை போடுவது? வாங்க ஆள் பிடித்தது நான்தான். ஒரு வருஷம் அலைந்தேன். வாங்கப்போகிற பெண் செங்கல் முகப்பைத் தொடமாட்டாள், உள்ளே நாற்பது வீடுகள் கட்டுவாள். கிளீவ்லாந்தில் இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. அடுத்த வாரம் ஓட்டு.

ஜனவரி 19, வியாழன்

நம் ஸ்லோவாக் சங்கத்தின் சட்டம் 1908-இல் எழுதியது. ஆளுக்கொரு வெள்ளை உருண்டை, ஒரு கறுப்பு. பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றைப் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் விற்க முடியாது. தான் எதைப் போட்டோம் என்று வாய் திறந்தவர் அன்றே சங்கத்தை விட்டு வெளியே. செயலாளர் என்பதால் இதையெல்லாம் உரக்கப் படித்ததும் நான்தான்.

ஏழு வெள்ளை. ஒரு கறுப்பு.

எல்லோரும் எமிலைத் திரும்பிப் பார்த்தார்கள். வருஷம் முழுக்க, "நான் செத்தப்புறம் வித்துக்கோங்க" என்று முனகிக்கொண்டிருந்தவர் அவர்.

"சந்தோஷமா எமில்? இப்ப நகராட்சிக்காரன் மொத்தமா இடிச்சுத் தள்ளப் போறான்," என்றார் தலைவர் மிலான்.

எமில் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கறுப்பைப் போட்டது நான்.

ஜனவரி 20

ஏன்டி போட்டே? விற்க வேண்டும் என்று எழுந்து நின்று பேசினவளே நீதானே?

என் வீட்டுக்காரர் ஜோ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வாரத்தில் எனக்குப் போக ஓர் இடம் இருப்பது வியாழக்கிழமை இந்த மண்டபம் மட்டும்தான். பெட்டிக்குள் கை போனதும் அந்த நினைப்பு வந்தது. அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 2, வியாழன்

எமிலைச் சீட்டாட யாரும் கூப்பிடவில்லை. கொலாச் ரொட்டித் தட்டு அவரைத் தாண்டிப் போனது. எழுபத்தொன்பது வயது மனுஷன், மகள் அரிசோனாவில். இவர்களை விட்டால் அவருக்கு யார்? நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எழுந்து போம்மா. உன்னையும் சேர்த்து ஒதுக்கிடுவாங்க."

"நான் போடலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா எதப் போட்டேன்னு சொன்ன மாதிரி ஆயிடும். வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் நான் எங்க போவேன்?"

வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிப்ரவரி 10

நேற்று எமில் வரவில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

மார்ச் 2 மறுபடியும் ஓட்டு. "இந்தத் தடவையாவது சில பேருக்குப் புத்தி வரட்டும்" என்றார் மிலான்.

நான் பேசாமல் வெள்ளையைப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். எமில் திருந்திவிட்டார் என்று முதுகில் தட்டுவார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு! அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கணும். முடியுமா என்னால்?

மார்ச் 2, வியாழன்

எமிலைப் போன் போட்டு வரவழைத்திருந்தேன். சட்டத்தைப் படித்து முடித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, "போன தடவை கறுப்பு என்னோடது" என்றேன்.

மிலானின் முகம் செத்துப்போய்விட்டது. "வெரோனா, என்ன சொன்னேன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"இப்பதானே நானே படிச்சேன்."

சாவிக்கொத்தையும் பதிவேட்டையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எமில் என் கோட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"பைத்தியக்காரி. எனக்கு அன்னிக்கே தெரியும். பெட்டிக்குள்ள கைய விட்டுட்டு நீ முழிச்ச முழி."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"உனக்கு மட்டும் போக வேற இடம் இருக்கா என்ன?"

ஓட்டுப் போடத் திரும்பிப் போய்விட்டார். நான் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், நடந்து வீட்டுக்கு வந்தேன். பிறகு மிலான் போன் செய்தார். நான் இல்லாமல் ஏழு பேர். ஏழும் வெள்ளை.

ஏப்ரல் 27

விற்பனைப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டது. கூரை வேலை திங்கட்கிழமை ஆரம்பமாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

மே 4, வியாழன்

அழைப்பு மணி அடித்தது. ஏழு பேரும் வாசலில். கூட்டம் போட இடம் இல்லையாம், என் சமையலறைதான் எல்லோருக்கும் பக்கமாம். வந்து உட்கார்ந்ததும் மிலான் தொண்டையைக் கனைத்தார். ஓட்டு நடக்கும்போது உறுப்பினர் இல்லாதவர் அறையில் இருக்கக் கூடாதாம். என் வீட்டிலிருந்தே என்னை வெளியே அனுப்பினார்கள்! பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெட்டியில் உருண்டை விழும் சத்தம் கேட்டது. ஆள் சேர்ப்பதற்கும் அதே சட்டம்தான், ஒரு கறுப்பு போதும். யாரைச் சேர்க்க ஓட்டு என்று என்னிடம் சொல்லவில்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஏழாவது.

எமில் கதவைத் திறந்து பதிவேட்டை என் மடியில் வைத்தார்.

"உள்ள வந்து எழுது. எங்க கையெழுத்து ஒருத்தருக்கும் புரியாது."