அணைந்துகிடந்த கைப்பேசி

இன்று காலை மனைவி தோசையைச் சில்வர் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தாள். ஸ்டேஷனில் அதைப் பிரித்தபோது, அந்தச் சரசரப்பில் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

சேலத்தில் டிஜிட்டல் தடயவியல் அடிப்படைப் பயிற்சி நடந்த மூன்று நாளும் நமக்கு ஒரே பெஞ்சு. ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்த எஸ்.ஐ.கள், கம்ப்யூட்டர் என்றால் இரண்டு பேருக்குமே உதறல். சிக்னல் எட்டாமல் இருக்க, பறிமுதல் செய்த கைப்பேசியை இதே சில்வர் பேப்பரில் சுற்றிக் காட்டினார்கள். "ஏனுங்க, பரோட்டா பார்சலுங்களா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தீர்கள். சங்ககிரி லாரிக்காரர் மகனல்லவா, பாடத்தையும் உங்கள் வழிக்கே இழுத்தீர்கள். "ஓடற போனை நிறுத்தக்கூடாது, நின்ன போனை ஓட்டக்கூடாது. அவ்வளவுதானுங்க."

எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் மூன்றே மாதத்தில், புதுச்சத்திரம் பக்கம் ஒரு பெண் இறந்துகிடந்த வீட்டுக்கு நாம் சேர்ந்து விசாரிக்கப் போனபோது, காற்றில் பறக்கவிட்டேன். "எம்புள்ள கடைசியா என்ன பேசியிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க சாமி" என்று அவள் அம்மா வாசலில் கதறினார். உள்ளே கட்டிலில் அவள் கைப்பேசி அணைந்துகிடந்தது. "வேண்டாமுங்க, அப்படியே உறையில போட்டுருங்க" என்றீர்கள். கேட்காமல் ஆன் செய்தேன். சிக்னல் வந்ததுதான் தாமதம். போனில் உள்ளதையெல்லாம் அழிக்கும்படி அவள் கணவன் எங்கிருந்தோ கொடுத்து வைத்திருந்த கட்டளை வேலை செய்தது. அவள் குரல், படம், எல்லாம் நம் கண்ணெதிரே அழிந்துபோயின. அதைவிடக் கேவலம், அறிக்கையில் "ஏற்கெனவே ஆனில் இருந்தது" என்று எழுதினேன்.

கணவன் மீதான வழக்கில், போனை ஆன் செய்தது யார் என்று நீதிமன்றத்தில் உங்களைக் கேட்டார்கள். "அவருதாங்க ஆன் பண்ணுனாரு" என்றீர்கள். கணவன் விடுதலையானான். எனக்குப் பதவி உயர்வு நின்றது. நீங்கள் காட்டிக்கொடுத்துவிட்டதாகவே நினைத்தேன். வெளியே காத்திருந்து, "வாங்க, ஒரு டீ குடிக்கலாமுங்க" என்றீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தேன். இரண்டு வருடம் பேசவில்லை. பிறகு, மாரடைப்பில் நீங்கள் போய்விட்ட செய்திதான் வந்தது. உங்கள் வீட்டுக் கூட்டத்தில் கடைசி ஆளாக நின்றுவிட்டுத் திரும்பினேன். வெட்கமாக இருந்தது.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், இறந்த அந்தப் பெண்ணின் அம்மாவைத் தேடி அவர் ஊரான எருமப்பட்டிக்குப் போனேன். என் கையால்தான் எல்லாம் அழிந்தது என்று சொன்னேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்துத் தலை குனிந்து நின்றேன்.

"தெரியுமுங்க" என்றார் அவர். "உங்க கூட்டாளி அப்பப்ப வந்து உக்காந்துட்டுப் போவாரு. 'நாங்க ரெண்டு பேருஞ் சேந்து பண்ணுன தப்புங்கம்மா'ன்னு சொல்லி அழுதாரு. உங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாரேன்னாரு."

தப்பு முழுக்க என்னுடையது. அதில் பாதியை நீங்கள் சுமந்துகொண்டு போய்விட்டீர்கள். இப்போது மாதம் ஒருமுறை எருமப்பட்டிக்கு நான் போய்வருகிறேன். தனியாகத்தான் போகிறேன்.