ஆறாம் பாகத்தில் ஒரு டப்பா உப்பு

ஞாயிறு, இரவு

மனசு ஆறவில்லை. ஐந்து பாகமும் விடாமல் பார்த்த ஜாம்பி படத்துக்கு ஆறாவது பாகம் வந்திருக்கிறதே என்று, உப்பளத்தில் ரெண்டு பேருக்கும் லீவு சொல்லிவிட்டு என் வீட்டுக்காரி செல்வியைப் பாண்டிக்குக் கூட்டிப்போனேன். "பார்த்தா ரெண்டு நாள் தூங்க மாட்டே" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வேறு போனேன்.

கதை இதுதான். ஜாம்பி உப்பை மிதித்தால் கால் கரைந்து செத்துப்போகுமாம். ஆனால் உலகத்தில் எங்கேயும் உப்பே இல்லையாம். கதாநாயகி துப்பாக்கியும் கையுமாக இரண்டரை மணி நேரம் அலைந்து, கடைசியில் ஒரு சின்ன டப்பா உப்பைக் கண்டுபிடித்து அழுகிறாள்.

செல்வி தியேட்டரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "ஏம்மா, எங்க ஊரு மரக்காணத்துக்கு ஒரு பஸ் ஏறக் கூடாதா? உப்பு மூட்டை மூட்டையா கெடக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

திரும்பி வரும்போதும் விடவில்லை. "பன்னெண்டு வருசமா உப்புலயே நிக்கிறேன். என் கால் எங்கங்க கரைஞ்சிது?" என்று வெடித்த பாதத்தைப் பஸ்ஸிலேயே தூக்கிக் காட்டினாள். அவசரமாக அவள் காலைக் கீழே இறக்கினேன். இத்தனை வருஷம் கொண்டாடிய படமாயிற்றே, விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வெளியே போனேன். திரும்பினால், வாசப்படியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உப்பால் ஒரு கோடு.

"என்னடி இது?"

"எறும்பு வருதுங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கோடு கலையாமல் தாண்டி உள்ளே வந்தேன்.