வெள்ளித் தகட்டில் ஒரு கொழுப்பு உருண்டை

கம்பம்
12.01.2002

கொழுப்பு உருண்டைகளின் மகாராணி, என் அக்கா மகள் சண்முகத்தாய் சமூகத்துக்கு, இப்பள்ளத்தாக்கின் சக்கரவர்த்தி சுருளியாண்டி மாமன் எழுதுவது.

ஜெர்மனி ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய கொழுப்பு உருண்டைப் படம் கிடைத்தது. குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக இருக்கிறது. ஏடுகளுக்கு நடுவே உட்கார்ந்து, நோய் தீர்க்கும் மரபணு உடம்புக்குள் பயணம் போகிறதாமே! படம் பார்க்க வந்த கூட்டத்தில் கூடலூர் முதல் குமுளி வரை ஜீப்புகள் நின்றுவிட்டன. தட்டார் கருத்தக்கண்ணனை வெள்ளித் தகட்டில் அதை அடிக்கச் சொன்னேன். "கை, காலு, கண்ணு அடிச்சிருக்கேன். இது ஒடம்புல எங்கன இருக்குண்ணே?" என்றான். "இனிமேத்தான்டா உள்ள போகணும்" என்றேன். வீரபாண்டி கௌமாரியம்மன் உண்டியலில் சேர்த்தாயிற்று.

என் மகள் மாரீஸ்வரிக்குத் தசை கரைவது இப்போது கைக்கும் வந்துவிட்டது. டம்ளரைத் தூக்க முடியவில்லை. மருந்து எப்போது வரும்?

உன் மாமன்


மியூனிக்
02.02.2002

அன்புள்ள மாமா,

சிரித்தேன், பிறகு அழுதேன். அது மருந்தில்லை. உருண்டையை நொடியில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படம். செல்லுக்குள் போன பிறகும் ஏடுகள் பிரியவில்லை, மரபணு உள்ளேயே சிக்கிக்கிடக்கிறது. இப்போதைக்குத் தெரிவது அவ்வளவுதான். மாரிக்கு உதவுகிற காலத்தில் மருந்து வராது மாமா. அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சண்முகத்தாய்


கம்பம்
20.02.2002

மருமகளே,

உன் கடிதத்தை மாரிக்கு வாசித்தேன், கொஞ்சம் மாற்றி. சித்திரைக்கு மருந்து வருகிறது, விமானம் நம் திராட்சைத் தோட்டத்திலேயே இறங்கும் என்று. பல மாதம் கழித்துச் சிரித்தாள். அவளுக்கு நீயும் ஒரு வரி எழுது, "வருது" என்று. நான் லாரி லாரியாகப் பொய் ஏற்றியவன். நீ எனக்காக ஒரு சொல் சொல்லக் கூடாதா?

மாமன்


மியூனிக்
11.03.2002

மாமா,

எழுதிவிட்டேன். மனம் ஒப்பவில்லை.

சண்முகத்தாய்


கம்பம்
28.04.2002

சண்முகத்தாய்க்கு,

மாரி செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

மூச்சு வாங்கியதும் மதுரைக்குக் கொண்டுபோனோம். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தால் இன்னும் சில வருடம் இருப்பாள் என்றார் டாக்டர். இவள் உன் கடிதத்தைக் காட்டி, "அதான் மருந்து வருதுல்ல சார், எதுக்கு ஓட்டை? ஏப்பா, நீங்க சொல்லுங்கப்பா" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அவள் முகத்தில் அத்தனை நம்பிக்கை. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழாய் வைக்காமலே வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

உன்மேல் குற்றமில்லை. எழுதச் சொன்னவன் நான். நீ படம் எடுப்பதை விட்டுவிடாதே. எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

சுருளியாண்டி