பூட்டிய வீடு என்று எழுதியவர்

இன்றைக்குக் காலையில் முன்கதவுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாசனை. சோப்புப் போட்டும் போகவில்லை. சரி, போகிறவரை உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான மாதமே வாங்கிய பூட்டு இது. ராத்திரி ஷிப்ட் போனவர் பகலில் தூங்க வேண்டும். கதவு திறந்திருந்தால் பால்காரரிலிருந்து பூக்காரி வரைக்கும் தட்டுவார்கள். அதனால் வரிசையாய் ஒட்டிக் கட்டிய நம் லைன் வீடுகளில் எல்லாப் பெண்களும் செய்ததையே நானும் செய்தேன். முன்னால் பூட்டு, பின்னால் புழக்கம். பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று நம் ஸ்கெலட்டன் குடியிருப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்ட் போனது, இருமல் வந்தது, பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து இருமிவிட்டு விடிந்த பிறகுதான் கண்ணை மூடுவீர்கள். மூடும் முன்னால் ஒரு கேள்வி. "பூட்டு போட்டியா, மே?"

இருமல் முற்றிய வருஷம்தான் வீட்டுக்கு வீடு சர்வே எடுத்தார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய், யார் பிழைப்புக்கு வெளியூர் போனார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நம் வீட்டில் யாரும் கேட்கவில்லை. சில மாதம் கழித்து, நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கும் வண்டி ரோட்டோரத்துக் காலனிகளுக்கெல்லாம் வந்தது. காம்பவுண்டு வைத்த வீடுகளுக்கு வந்தது. நமக்கு வரவில்லை. நான் ஆபீசுக்கே போய்க் கேட்டேன். அங்கே இருந்த அம்மா பேப்பரைப் புரட்டினாள்.

"உங்க லைன் முழுக்க பூட்டின வூடும்மா. ஜனங்க பெங்களூரு பக்கம் போய்ட்டாங்கன்னு போட்டுகீது. பேஷண்டே இல்லியே."

"அப்ப நான் இன்னா, பேயா?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். மூச்சு வந்ததும் சொன்னீர்கள்: "போவுது வுடுமே. சொரங்கத்துக் கேஜ்ல எறங்கனவன் எல்லாருமா மேல வந்தான்?"

எதற்கெடுத்தாலும் உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான், போவுது வுடு. அடுத்த பனிக்காலம் முடிவதற்குள் உங்களையே விட்டேன். அந்த வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா, எனக்குத் தெரியாது. இன்ன நோய் என்றாவது தெரிந்திருக்கும். பேர் தெரியாத நோயோடு உங்களை அனுப்பினேன்.

பதினாறாம் நாள், பக்கத்து லைன் கவிதா வந்தாள். அந்த சர்வேயில் கூலிக்கு எழுதப் போன பெண். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

"அக்கா, உங்க லைன் ஷீட் என்னுது. வூடு பூட்டி இருந்தா வேற வேற நேரத்துல மூணு வாட்டி வந்து பாக்கணும். அதான் ரூல்சு. நான் ஒரு வாட்டிதான் வந்தேன். சூப்பர்வைசர் பைக்க வுட்டு எறங்கவே இல்லக்கா. 'எல்லாம் பூட்டுதான், ஊர வுட்டுப் போய்ட்டாங்கன்னு போடு, வெயில் மண்டையப் பொளக்குது'ன்னாரு. போட்டுட்டேன்."

அவளைத் திட்டவில்லை. கஞ்சி கொடுத்து அனுப்பினேன். அந்த ஆளை மட்டும் மனசில் முடிந்து வைத்தேன். அவர் கையாலேயே உங்களை எழுத வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்த முடிச்சை இரண்டு வருஷம் அவிழ்க்கவில்லை.

போன வாரம் மறுபடி சர்வே வந்தது. "அக்கா, இந்த வாட்டி அந்த ஆளே வர்றாரு, பத்து மணிக்கு" என்று கவிதா போன் போட்டாள். நான் பக்கத்து வீட்டு மேரியிடம் பூட்டைக் கொடுத்தேன். மேரி உங்களுக்குத் தெரிந்தவள்தானே, எதற்கு என்று கூடக் கேட்கவில்லை.

வந்தார். தொப்பை வைத்திருக்கிறது. பளபளவென்று கறுப்பு ஷூ. வாசலில் கழற்றிவிட்டு வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையகலக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். வெளியே பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னாம்மா, வெளிய பூட்றாங்க?"

"எங்க லைன் வழக்கம் சார். உள்ள ஆம்பள இருந்தா வெளிய பூட்டு தொங்கும். நீங்க எழுதுங்க."

முகம் மாறியது. புரிந்துகொண்டார். பின்கதவைப் பார்த்தார். அங்கே மேரியும் லைன் பெண்களும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"எழுதிட்டுப் போங்க சார். போன வாட்டி நாங்க பெங்களூருல இருந்தமாமே, இப்பதான் வந்து எறங்கனோம்" என்றாள் மேரி.

எழுத ஆரம்பித்தார். நம் மகள் செல்வி இங்கேயே தங்குகிறவளா என்று கேட்டார். மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூரு போய், பொழுது சாய்ந்து வருகிறாள், அவளை எந்த ஊரில் எழுதுவீர்கள் என்று நான் கேட்டேன். இங்கேதான் என்றார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. இந்த வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்தார்களா?

உங்கள் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டு, பெட்டியில் இருந்த பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "மத்தவைன்னு போட்டுக்கறேன்" என்றார்.

"அது இன்னா மத்தவை? சொரங்கத்துத் தூசின்னு போடுங்க."

"அந்த மாதிரி இதுல இல்லம்மா. டாக்டர் சீட்டு இருக்குதா?"

"வண்டி வந்திருந்தா சீட்டு இருந்திருக்கும். வண்டி ஏன் வரலன்னு நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். 'மத்தவை'க்குக் கீழே எழுத இடம் இருந்தது. "வீட்டார் சொன்னபடி, சுரங்கத் தூசி" என்று தட்டினார். எழுத்து கன்னடம். பஸ் போர்டு படித்துப் படித்து எனக்கு வந்த கன்னடம் அன்றைக்குத்தான் உதவியது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, தூசி என்று வந்த பிறகுதான் அடுத்த கேள்விக்கு விட்டேன்.

எழுந்து, "ஷூவ எடுக்கணும், முன்கதவத் தெறங்க" என்றார். "மிச்ச வூட்டுக்கெல்லாம் பின்பக்கமாவே வழி கீது சார்" என்றேன். லைன் முழுக்க, சாக்கடை ஓரமாக, துணிக்கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து, வெறுங்காலோடு வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டு முன்னாலும் பூட்டு, எல்லா வீட்டுக்குள்ளும் ஆள். சாயந்திரம் ஆனது. தண்ணீர் கேட்டபோது கொடுத்தோம். காபி யாரும் கொடுக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் கொடுக்கச் சொல்லியிருப்பீர்கள்.

கடைசியில் பூட்டைத் திறந்தேன். சேற்றுக் காலை ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டே, "மன்னிச்சிடும்மா" என்றார். நான் மன்னிக்கவில்லை. இனிமேலும் மாட்டேன். இந்த ஒன்றில் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன்.

அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். தூக்கம் வரவில்லை. உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த முதல் சர்வே நாளில் நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கவிதா முன்னால் நின்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நீங்கள் அப்போதுதான் கண் அசந்திருந்தீர்கள். குரல் கொடுத்தால் விழித்துக்கொள்வீர்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த சூப்பர்வைசர் எழுதச் சொன்னது பொய்தான். ஆனால் அந்தப் பூட்டைப் போட்டது என் கை. அவரை வெறுங்காலோடு நடக்க வைத்தேன். என்னை எதில் நடக்க வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது வாசலில் யார் கூப்பிட்டாலும், கை ஈரமாக இருந்தாலும், உலை கொதித்தாலும், இருந்த இடத்திலிருந்தே "கீறோம்" என்று கத்துகிறேன். காலையில்கூட ஒருவர் வழி கேட்கத்தான் கூப்பிட்டார். கத்தினேன்.

மேரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள். "கீறோமா? செல்வி ரயிலுக்குப் போய்ட்டா, நீ ஒருத்திதானே கீற?"

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன்.