எல்லைக்குக் கீழே

மாநாட்டுக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நம் சமன்பாட்டில் அடுக்குக்குறி ஓர் எல்லையைத் தாண்டினால் தீர்வே கிடையாது என்று நிரூபித்தீர்கள். பெரிய வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். எல்லைக்குக் கீழே இருக்கும் எண்களை, "அதெல்லாம் சின்னது, நீயே பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறினீர்கள். ஒழுகும் குழாய்க்கும் மகளின் காய்ச்சலுக்கும் அதே பதில்தான்.

கணினி ஒரு வாரமாக ஓடுகிறது, நானும்தான்.

குழாய் சரியாகிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று நச்சரிக்கிறாள்.

நாளை மேடையேறி, எந்த எண்ணுக்கும் தீர்வு இல்லை என்று அறிவிக்கப்போகிறீர்கள். அடுக்குக்குறி ஏழிலேயே ஒரு தீர்வு இருக்கிறது. கையாலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சின்னதுதான். இதையாவது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மருத்துவமனைக்கு நேரமாகிறது.

இப்படிக்கு,
கட்டுரையில் உங்களுக்கு அடுத்த பெயர்க்காரி