தட்டு மாற்றும்போது வந்த பூகம்பம்

1967 டிசம்பர் 12, செவ்வாய்

பக்கிரி என்று ஒரு மாணவன். இருபது வருஷத்துக்கு முன் பூகோள வகுப்பில் எழுந்து கேட்டான்: "சார், பூகம்பம் வந்தா அது பூகம்பந்தான்னு எப்படித் தெரியும்?" "வந்தால் உனக்கே தெரியும், உட்கார்" என்றேன். இன்று பேப்பரில் கொய்னா செய்தியைப் படித்ததும் அவன் ஞாபகம் வந்தது. நேற்று விடியற்காலை பம்பாய்ப் பக்கம் நிலம் குலுங்கி, ஊரே இடிந்து கிடக்கிறதாம். தூக்கத்திலேயே போனவர்கள் எத்தனை பேரோ.

முப்பத்துநாலு வருஷம் பூகம்பப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒன்றைக்கூட நேரில் உணர்ந்ததில்லை.

நாளை தனத்துக்கு நிச்சயதார்த்தம். தங்கை மாரியம்மாளின் ஒரே மகள். அப்பா இல்லாத பெண். தாய்மாமன் நான்தான் முன்னால் நிற்க வேண்டும். மாப்பிள்ளை பூவராகன், சிதம்பரத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க். பழைய பள்ளிக்கூடத்திலிருந்து நீள மேசை ஒன்றும் பெஞ்சுகளும் இரவல் வாங்கி வந்துவிட்டேன். வருகிறவர்களைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது என்பது என் ஏற்பாடு.

டிசம்பர் 13, புதன்

நின்றுவிட்டது. என்னால்.

லக்னப் பத்திரிகை வாசித்து முடிந்தது. இரண்டு வீட்டுத் தட்டுகளும் மேசைமேல் இருந்தன. மாரியம்மாளும் மாப்பிள்ளையின் தாயார் வேலம்மாளும் தட்டைத் தூக்கப் போன சமயம், குங்குமச் சிமிழ் கடகடவென்று நடுங்கியது. எலுமிச்சம்பழம் உருண்டது. ஒரு தேங்காய் மெள்ள விளிம்புக்கு நகர்ந்து, கீழே விழுந்தது. மேசையில் யார் கையும் இல்லை.

நான் எழுந்து நின்று, வகுப்பில் பேசுகிற குரலில், "பூகம்பம். எல்லாரும் வெளியே வாங்க" என்றேன்.

எல்லாரும் பேப்பர் படித்தவர்கள். முப்பது பேரும் தெருவில் நின்றோம். நான் கடிகாரத்தை எடுத்து மணி குறித்துக்கொண்டேன் – ஒன்பது நாற்பத்திரண்டு. உண்மையை எழுதிவிடுகிறேன்: அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வேலம்மாள் நிதானமாகத்தான் சொன்னார். "தட்டு மாத்தற நேரத்துல பூமியே தலையாட்டி வேணாங்குது. இதுக்கு மேல நான் என்னா பேசறதுங்க வாத்தியாரே?"

பதினொரு மணி ரயிலுக்குப் போய்விட்டார்கள். கேசரி அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 14, வியாழன்

மாரியம்மாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. காலையில் கேசரி. மத்தியானமும் கேசரி.

ஒரு பூகம்பம் எங்கள் கூடத்துக்கு மட்டும் வராது. எவ்வளவு தூரம் பரவியது என்று விசாரிக்கத் தெருத் தெருவாகப் போனேன். அடுத்த வீட்டு ரத்தினம்மாள், "எங்க கெணத்துல தண்ணி ஒரு முழம் ஏறி எறங்குச்சுங்க" என்றாள். குறித்துக்கொண்டேன். "பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "நான் எங்கங்க பாத்தேன், மார்க்கெட்டுக்கில்ல போயிருந்தேன்."

ஸ்டேஷன் பக்கம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தேரடியில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். அலமாரி நிறைய டம்ளர். ஒன்றுகூடக் கிணுங்கவில்லையாம்.

கிணற்றுத் தண்ணீர்க் குறிப்பை அடித்துவிட்டேன். 

டிசம்பர் 15, வெள்ளி

நாளை மார்கழி. இனி தை பிறக்கும் வரை எந்த நல்ல காரியமும் பேச முடியாது. யோசிக்க ஒரு மாதம் இருக்கிறது – எனக்கும், வேலம்மாளுக்கும்.

டிசம்பர் 17, ஞாயிறு

மெட்ராஸில் நில அதிர்ச்சிக் கருவி வைத்திருக்கும் ஆபீசுக்குக் கடிதம் போட்டேன். பிறகு மாரியம்மாளை உட்காரவைத்து விளக்கினேன்.

மழைக்காலத்தில் நம் கொல்லைக் கதவு ஊறிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். தள்ளுகிறோம், அசையாது. இன்னும் தள்ளுகிறோம், திடீரென்று விடுபடும்போது சுவரே அதிரும். பூமிக்குள் பாறைகளும் அப்படித்தான். வெடிப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நூறு வருஷம்கூட நிற்கும். பிடி விட்டு நழுவுகிற அந்த நொடிதான் பூகம்பம். பெரும்பாலானவை இந்த வகை. எரிமலை உள்ள தேசங்களில் வேறு மாதிரி – உலை கொதித்து மூடி ஆடுவதுபோல. நிலத்தடிக் குகையோ சுரங்கமோ கூரை இடிந்து விழுந்தாலும் மேலே அதிரும். பாறைக்கு வெடி வைத்தாலும் அதிரும். இவை இரண்டும் சுற்று வட்டாரத்தோடு சரி. கொய்னாவில் புது அணையில் தேங்கிய தண்ணீரின் பாரமே காரணமோ என்றும் பேசிக்கொள்கிறார்கள்.

மாரியம்மாள் முழுவதும் கேட்டாள். "அண்ணே, இதுல எந்த வகையில எம்பொண்ணு கல்யாணம் நின்னுச்சு? அத மட்டும் சொல்லு."

டிசம்பர் 28, வியாழன்

மெட்ராஸ் பதில் வந்துவிட்டது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், எதுவும் பதிவாகவில்லை. இரண்டு வரி.

இவ்வளவு சிறிய கடிதத்தில் இவ்வளவு பெரிய வெட்கம் அடங்குமா?

1968 ஜனவரி 3, புதன்

பாசஞ்சரில் சிதம்பரம் போனேன். கடிதத்தைக் காட்டி, "பூகம்பம் இல்லை அம்மா. நான் சொன்னது தப்பு" என்றேன். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. சொல்லும்போது இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

வேலம்மாள் கடிதத்தைத் திருப்பித் தந்தார். "சரிங்க. அப்ப ஆடினது என்னா? தேங்கா தானா எறங்கி நடந்துச்சா? பூகம்பம்னாகூட ஊருக்கே வந்ததுன்னு மனசு ஆறலாம். இது நம்ம தட்டுக்கு மட்டும் வந்ததுன்னா இன்னும் மோசமில்லீங்களா?"

கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பொங்கல் கழித்துப் பண்ருட்டியிலிருந்து வேறு பெண்வீட்டார் வருகிறார்களாம்.

தெரியாமல் உளறினேன், சரி. திருத்தப் போய் இன்னும் கெடுத்தேனே. என்னா மனுசன் நான்?

ஜனவரி 4, வியாழன்

தனம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, நீங்க யாரையெல்லாமோ கேட்டீங்க. என்னை மட்டும் கேக்கல."

"உனக்கென்ன தெரியும்? தலையைக் குனிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாய்."

"அதனாலதான் தெரியும். எனக்கு நேரா மேசைக்கு அடிதானே இருந்துச்சு. அவுரு கடைசில உக்காந்து, குறுக்குக் கட்டைமேல கால வெச்சு ஆட்டிக்கிட்டே இருந்தாரு. தட்டு எடுக்கற நேரம் நெருங்க நெருங்க ஜாஸ்தியாயிடுச்சு."

என் பூகம்பத்தின் மையம் மாப்பிள்ளையின் வலது கால்.

"மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா, பொண்ணு தலை குனிஞ்சு எதப் பாத்துக்கிட்டிருந்தான்னு கேக்க மாட்டாங்களா? அதுவுமில்லாம நீங்க எரிமலை வரைக்கும் போயிட்டீங்க. குறுக்க பேசினா உங்களுக்குப் புடிக்காது."

பிறகு கதவைப் பார்த்துச் சொன்னாள்: "பயத்துலதான் ஆட்டினாரு, பாவம். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஒரே மாதிரின்னு நெனச்சேன்."

அப்படியென்றால் இவளுக்குப் பிடித்திருக்கிறது. அதையும் நான் கேட்கவில்லை.

ஜனவரி 5, வெள்ளி

காரணம் தெரிந்தும் எப்படிச் சொல்வது? 'உங்கள் பிள்ளை கால் ஆட்டியதால் தேங்காய் விழுந்தது' என்று ஒரு தாயிடம் சொல்லலாமா? மாப்பிள்ளை வெட்கப்பட்டே பண்ருட்டிப் பெண்ணுக்குச் சம்மதித்துவிடுவார்.

ஜனவரி 7, ஞாயிறு

மறுபடியும் சிதம்பரம். ஞாயிறு என்பதால் பூவராகன் வீட்டில் இருந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் நடுவில் டவரா செட்டில் காப்பி. வேலம்மாள் எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"டிபார்ட்மெண்ட் பரீட்சை எப்போது, தம்பி?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"மே மாசங்க." கால் பெஞ்சுக் கட்டைமேல் ஏறியது. டவராவுக்குள் டம்ளர் கிணுகிணுவென்றது.

வேலம்மாள் நிமிராமலே, "கால ஆட்டாதடா. வூட்டுக்கு ஆவாது" என்றார். கால் நின்றது. டம்ளரும் நின்றது.

"கஷ்டமான பரீட்சையோ?" என்றேன்.

மறுபடியும் கிணுகிணு. இந்தத் தடவை கீரை உருவும் கை நின்றது. டவராவைப் பார்த்தார். காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காப்பியை எடுத்துக் குடித்தேன்.

"வாத்தியாரே, அன்னிக்கி இவன் எங்க உக்காந்திருந்தான்?"

"மேசையை ஒட்டி. கடைசியில்."

பூவராகன் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். வேலம்மாள் மீதிக் கீரையை முழுவதும் உருவி முடித்தார். முறத்தைத் தட்டி வைத்தார்.

"பண்ருட்டிக்காரங்களுக்கு ஒரு கார்டு போட்டுடறேன்" என்றார். "நீங்க இந்தத் தடவ மேசை கீசை ஒண்ணும் போடாதீங்க. பாய் போதும்."

பிப்ரவரி 1, வியாழன்

கூடம் முழுக்கப் பாய். தட்டுகளும் தரையில். வேலம்மாள் மகனை ஒட்டி உட்கார்ந்து, வாசித்து முடிக்கும் வரை பூவராகன் முழங்கால்மேல் கையை அழுத்தி வைத்திருந்தார். குனிந்திருந்த தனத்தின் தோள் இரண்டு முறை குலுங்கியது. வெட்கம் என்று ரத்தினம்மாள் எல்லாருக்கும் சொன்னாள்.

தட்டு மாற்றினோம். ஒரு பழம்கூட உருளவில்லை. வைகாசியில் முகூர்த்தம். மாரியம்மாள் எனக்குக் கேசரி வைத்துவிட்டு, "சாப்புடுண்ணே, இது புதுசு" என்றாள்.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், இதை மட்டும் செய்து பாருங்கள்: மேசை ஆடினால், வாயைத் திறப்பதற்கு முன் குனிந்து அதன் அடியில் பாருங்கள்.