நெதர்வெல்: ஐந்தாவது இடம்

நெதர்வெல்
4 மார்ச் 1984

அன்புள்ள டோரீன்,

நான் நலம். நீயும் உன் அக்கா மேபெலும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். சிட்மத்தின் கடல் காற்று உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா?

எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. காரணம் இல்லாமல் எழுதினால் நீ உறையைப் பிரிக்க மாட்டாய்.

கோடையில் வருகிறவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு கையேடு வேண்டுமாம். ஒரே தாள், மூன்றாக மடித்தது. ஊர் மன்றத்தில் மிசஸ் பிரிங் என்னைப் பார்த்து, "சும்மாத்தானே இருக்கீங்க கிளமெண்ட், நீங்களே எழுதிடுங்க" என்றாள். நான் காலமெல்லாம் சாலை போட்டவன். எழுத்து உன் வேலை.

நான்கு இடங்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தேவாலயம். ஊர்க் குடிகாரர்களை அடைத்துவைத்த கல் கூண்டு. அடுத்தவர் வயலில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைத்த பட்டி. பாலம். தப்பு இருந்தால் திருத்தி அனுப்பு.

ஐந்தாவது இடம் இன்னும் எழுதவில்லை.

சனிக்கிழமைதோறும் தேவாலயக் கடிகாரத்துக்கு நான்தான் சாவி கொடுக்கிறேன். அதற்கு மணி முள் ஒன்றுதான். நிமிடங்களைப் பற்றி இங்கே இன்னும் யாருக்கும் கவலை இல்லை.

கிளமெண்ட்

*

சிட்மத்
11 மார்ச் 1984

அன்புள்ள கிளமெண்ட்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மேபெல், "என்னடி, எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா அவருக்கு? முட்டை அவிக்கத் தெரியலையாமா?" என்று கேட்டாள். "ஊர்க் கையேடு எழுதறாராம்" என்றேன். "பொண்டாட்டிக்குக் கடுதாசி போடறதுக்கு இப்படியும் ஒரு வழியா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

திருத்தங்கள்.

தேவாலய முற்றத்து யூ மரத்துக்கு ஆயிரம் வயது என்று போடாதே. இந்த நாட்டில் எல்லா யூ மரத்துக்கும் ஆயிரம் வயதுதான். 'மிகப் பழையது' போதும்.

பாலத்தில் செதுக்கியிருக்கும் 1694 அதைக் கட்டிய வருடம் அல்ல. வெள்ளம் வந்துபோன பிறகு பழுது பார்த்த வருடம். கைப்பிடிச் சுவர் ஏன் முழங்கால் உயரம் மட்டும் என்பதை விட்டுவிட்டாய். குதிரையின் இரு பக்கமும் தொங்கும் மூட்டைகள் இடிக்கக் கூடாது என்பதற்காக. சொல்லாவிட்டால், கல்லை மிச்சம் பிடித்தவர்கள் என்று நம்மை நினைப்பார்கள்.

கல் கூண்டில் இப்போது புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது என்பதை எழுது. கடைசியாக அடைபட்டவர் உன் கொள்ளுத்தாத்தா என்பதை எழுத வேண்டாம்.

ஐந்தாவது இடம் எது என்று நான் கேட்கவில்லை.

டோரீன்

*

நெதர்வெல்
18 மார்ச் 1984

அன்புள்ள டோரீன்,

திருத்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். கொள்ளுத்தாத்தாவை மட்டும் விட மனமில்லை. அவரும் இந்த ஊர்தானே.

மிசஸ் பிரிங் வீட்டுக்கு வந்து தாளைப் புரட்டினாள். "எங்க பள்ளிக்கூடம்? சர்ச்சுக்கு அப்புறம் எல்லாரும் படம் எடுக்கிறது அதைத்தானே?"

"அதை வீடா வித்துட்டாங்களே" என்றேன்.

"வித்தா என்ன? கட்டடம் எந்திரிச்சு ஓடியா போச்சு? உங்க டோரீன் அங்க இருபத்திரண்டு வருஷம்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு தான் கொண்டுவந்த கேக்கை எனக்கே வெட்டிக் கொடுத்தாள்.

வாங்கியவர்கள் பிரிஸ்டல்காரர்கள். நல்லவர்கள். கதவுகளுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். மேலே கல்லில் இருக்கும் 'ஆண்பிள்ளைகள்', 'பெண்பிள்ளைகள்' என்ற எழுத்துகளைத் தொடவில்லை. இரண்டு கதவும் ஒரே அறைக்குள்தான் திறக்கின்றன என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம்.

நாலு வரி போதும் டோரீன். அந்த இடத்தைப் பற்றி நீ எழுதினால்தான் சரியாக இருக்கும்.

கிளமெண்ட்

*

சிட்மத்
25 மார்ச் 1984

கிளமெண்ட்,

நான் எழுத மாட்டேன்.

போன ஜூனில் பள்ளியை மூடலாமா என்று முடிவெடுக்க நிர்வாகக் குழு ஒன்பது பேர் ஊர் மன்றத்தில் கூடினீர்கள். ஆசிரியைக்கு ஓட்டு இல்லை. நான் பின்னறையில் ஒன்பது பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

கதவில் கண்ணாடி இருப்பதை நீ மறந்துவிட்டாய்.

நான்கு கைகள் ஏற்கெனவே மேலே இருந்தன. ஐந்தாவது உன்னுடையது. தூக்கும்போது நீ கூரையைப் பார்த்தாய். பிறகு நான் வந்து உன் கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

மூட வேண்டும் என்று நீ நினைத்ததைக் குற்றம் சொல்லவில்லை. நினைக்க உனக்கு உரிமை உண்டு. முந்தின நாள் மாலை என் எதிரில் உட்கார்ந்து ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாய். "நாளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாய். அந்தப் "பாக்கலாம்" இருக்கும் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

ஐந்தாவது இடத்தை நீயே எழுது. அறைக்குள் இருந்தவன் நீதான்.

டோரீன்

*

நெதர்வெல்
20 மே 1984

அன்புள்ள டோரீன்,

எட்டு வாரம் ஆகிவிட்டது. நாலு வரிக்கு இத்தனை நாளா என்று கேட்பாய். கிழித்த தாள்களைக் கொண்டு அடுப்பு மூட்டினேன்.

கையேடு அச்சாகிவிட்டது. முந்நூறு. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பிரித்துப் பார்க்காமல் விட்டுவிடுவாயோ என்ற பயத்தில் அந்தப் பகுதியை இங்கேயும் எழுதுகிறேன்.

'5. பள்ளிக்கூடம். 1847இல் கட்டியது. ஒரே அறை, இரண்டு கதவுகள். 1983 ஜூன் மாதம், ஏழு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தபோது, ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் மூட முடிவானது. ஐந்தாவது வாக்கு இந்தக் கையேட்டை எழுதியவருடையது. இருபத்திரண்டு வருடம் இங்கே கற்பித்தவர் அவருடைய மனைவி. எந்தப் பக்கம் வாக்களிக்கப் போகிறார் என்பதை அவர் மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.'

அச்சுக்குப் போகும் முன் யாரிடமும் காட்டவில்லை. மிசஸ் பிரிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"என்ன கிளமெண்ட் இது? கையேடா, பாவமன்னிப்பா?"

"மத்த நாலு இடத்துலயும் யார் என்ன பண்ணினாங்கன்னு போட்டிருக்கோமே."

"அவங்கெல்லாம் செத்துப்போனவங்க."

"உயிரோட இருக்கிறவன் தன்னைப் பத்திச் சொன்னா ஆகாதா?"

"அச்சடிச்சாச்சு, இனி என்ன" என்றாள். போகும்போது தன் மகளுக்கென்று இரண்டு எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வா என்று கேட்க இதை எழுதவில்லை. கேட்க ஆசை இருக்கிறது. அவ்வளவுதான்.

கிளமெண்ட்

*

சிட்மத்
27 மே 1984

அன்புள்ள கிளமெண்ட்,

தாளை நான்கு முறை படித்தேன். மேபெல் ஒரே முறை படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். "இந்த மனுஷனை இத்தனை நாளா திட்டினதெல்லாம் வீணாப் போச்சே" என்றாள்.

அதில் ஒரு பிழை இருக்கிறது.

ஏழு பிள்ளைகள் என்று போட்டிருக்கிறாய். ஆறு.

டக்கெட் குடும்பம் போன வருடம் ஈஸ்டர் முடிந்ததும் ஸ்விண்டனுக்குப் போனது உனக்குத் தெரியும். மகள் ரோஸ்மேரி மட்டும் மேட்டுப் பண்ணையில் பெரியம்மாவோடு இருக்கிறாள், அங்கிருந்து பள்ளிக்கு வருகிறாள் என்று நிர்வாகக் குழுவிடம் சொன்னது நான். அவள் வரவில்லை. அவளும் போய்விட்டாள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு முதலில் சளி. பிறகு அம்மை. பிறகு மறுபடியும் சளி.

ஏழுக்குக் கீழே போனால் வாக்கெடுப்பே வேண்டாம், கல்வி அலுவலகமே மூடிவிடும் என்று எனக்குக் கடிதம் வந்திருந்தது. அதை உன்னிடம் காட்டவில்லை. இலையுதிர்காலம்வரை தள்ளிவிட்டால் புதிதாக ஒரு குடும்பம் குடிவரும் என்று நம்பினேன்.

நீ கை தூக்காமல் இருந்திருந்தாலும் பள்ளி மூடித்தான் இருக்கும். பின்னறையில் நின்றபோதே எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே உன்மேல் கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். கோபம் பொய்யில்லை. ஆனால் முந்தின நாள் மாலை அந்த மேசையில் சொல்லாமல் சாப்பிட்டவர்கள் இரண்டு பேர்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். மிச்சத் தாள்களை யாருக்கும் கொடுக்காதே. எண்ணை நீ பேனாவால் அடித்துத் திருத்து. அந்தப் பத்திக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன். ஏழாவது பெயரைப் பதிவேட்டில் வைத்திருந்தது யார் என்று அதில் வர வேண்டும். அதை என் கையால் எழுதுகிறேன், எல்லாத் தாளிலும்.

டோரீன்